மூச்சுக்கு ஒரு முன்னேற்பாடு



நம் இல்லங்களில் மாத்திரை விழுங்குபவரை எவரும் வியப்போடு பார்ப்பதில்லை. ஊசி போட்டுக் கொள்பவருக்கு அனுதாபம் கிடைக்கிறது. ஆனால், வாயருகே ஒரு சிறு குப்பியை வைத்து மருந்தை உறிஞ்சுபவரைக் கண்டால் மட்டும் நம் பார்வையே மாறிவிடுகிறது. ‘இவ்வளவு முற்றிவிட்டதா?’ என்று சிலர் கவலைப்படுகின்றனர். ‘அதைத் தொட்டால் ஆயுளுக்கும் விட முடியாதாமே!’ என்று சிலர் அச்சுறுத்துகின்றனர். பெண் பார்க்க வருபவர்கள் வாசலில் நுழையும் வேளையில் இன்ஹேலர் அலமாரிக்குள் ஒளிந்து கொள்கிறது.

இந்த வெட்கமும் அச்சமும் சாதாரண நாட்களிலேயே தீங்கு செய்பவை. நுரையீரலில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய நிலை ஒருவருக்கு வந்துவிட்டாலோ, அவற்றின் விலை மிகப் பெரிது. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். நான் மருத்துவம் பயின்றவனல்லன். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு, மத்ரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். எனினும் என் மூத்த சகோதரருக்காக மருத்துவமனைப் படிகளில் ஏறி இறங்கிய மாதங்களில், மருத்துவர்கள் பொறுமையோடு விளக்கியவற்றையும் பின்னர் நான் தேடிப் படித்தவற்றையும் உங்களோடு பகிர்ந்து கொள்வது பயன் தரும் என்று கருதுகிறேன்.

தாங்காது என்று சொன்ன நுரையீரல்

காக்காவுக்கு அப்போது வயது 61. பலசரக்குக் கடை வைத்திருப்பவர். முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சிகரெட் பழக்கம் உடையவர். நாட்பட்ட இருமலோடு சளியில் இரத்தக் கீற்று தென்பட்டது. எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்துப் பார்த்ததில் வலது நுரையீரலின் மேல் மடலில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தபோது அது புற்றுநோய்தான் என்று உறுதியாயிற்று. வேறெங்கும் பரவவில்லை என்பது ஓர் ஆறுதல். இந்த நிலையில் கட்டியுள்ள மடலை அகற்றிவிடுவதே நல்ல வழி என்றனர்.

ஆயினும், முதலில் சென்ற மருத்துவமனையில் மூச்சுத் திறனைச் சோதித்தவர்கள் கைவிரித்துவிட்டனர். ஸ்பைரோமெட்ரி என்னும் அச்சோதனையில், ஆழமாக மூச்சை இழுத்து முழு வேகத்தோடு ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதைக் கருவி அளக்கும். காக்காவின் வயதுக்கும் உயரத்திற்கும் ஏறத்தாழ 2.6 லிட்டர் வர வேண்டும். வந்தது 1.2 லிட்டர். “இந்த நுரையீரல் அறுவையைத் தாங்காது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

உறவினர் ஒருவரின் யோசனைப்படி மதுரையில் வேறொரு நெஞ்சக அறுவை மருத்துவரிடம் சென்றோம். அவர் தாள்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பாய், இந்தச் சோதனை எடுத்த நாட்களில் என்ன இன்ஹேலர் எடுத்துக் கொண்டிருந்தீர்கள்?”

காக்கா தலைகுனிந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே உள்ளூர் மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். ‘பழகிவிடும்’ என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, உறையைக் கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தார்.

“மருந்தே காணாத மூச்சுக்குழாய்களை வைத்து உங்கள் நுரையீரலுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மூன்று வாரம் மருந்தை ஒழுங்காக உறிஞ்சுங்கள். மீண்டும் அளந்து பார்ப்போம்” என்றார் மருத்துவர். புற்றுநோயை வைத்துக்கொண்டு மூன்று வாரம் காத்திருக்கலாமா என்று நான் வினவினேன். இதயச் சோதனை, மற்ற ஸ்கேன்கள் ஆகியவற்றை முடிக்கவே அவ்வளவு நாட்கள் ஆகும் என்றும், அந்த நாட்களை வீணாக்காமல் பயன்படுத்தப் போகிறோம் என்றும் விளக்கினார்.

பத்தொன்பதில் பதினாறு

அவர் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கை இன்றும் வைத்திருக்கிறேன். வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இடதுக்கு இரண்டு. இந்த ஐந்து மடல்களும் சேர்ந்து மொத்தம் 19 சிறு கூறுகளாகக் கணக்கிடப்படுகின்றன. வலது மேல் மடலில் மூன்று கூறுகள் இருக்கின்றன. அதை அகற்றினால் எஞ்சுபவை 16. ஆகவே இப்போதுள்ள மூச்சளவை 16ஆல் பெருக்கி 19ஆல் வகுத்தால், அறுவைக்குப் பின் எஞ்சக்கூடிய மூச்சளவு தோராயமாகத் தெரிந்துவிடும்.

காக்காவின் 1.2 லிட்டர், அறுவைக்குப் பின் ஏறத்தாழ 1 லிட்டராகக் குறையும். இருக்க வேண்டிய 2.6 லிட்டரோடு ஒப்பிட்டால், அது நூற்றுக்கு 39 பங்கு. நாற்பதுக்குக் கீழே போனால் அறுவை மருத்துவர்கள் தயங்குவது நெடுநாளைய வழக்கம். இன்றைய வழிமுறைகள் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து எவரையும் மறுப்பதில்லை. இரத்தத்தோடு காற்று கலக்கும் திறனை அளக்கின்றனர். நடக்கவும் படியேறவும் செய்து பார்க்கின்றனர். 22 மீட்டர் உயரம் படியேற இயலுமானால் அது நம்பிக்கையளிக்கும் அறிகுறி என்பர். இருப்பினும் கணக்கு தொடங்கும் முதல் எண்ணே தவறாக இருந்தால், அதன் மேல் எழும் முடிவும் தவறாகத்தானே இருக்கும்? மூச்சுக்குழாய்களை மருந்தால் இயன்றவரை திறந்துவிட்டு, அதன் பிறகு அளப்பதே நியாயமான அளவு.

ஊமத்தையிலிருந்து உறிஞ்சு மருந்து வரை

இம்மருந்துகள் என்ன செய்கின்றன? நம் மூச்சுக்குழாய்களின் சுவரில் வளையம் வளையமாக மெல்லிய தசைகள் இருக்கின்றன. புகையாலும் ஒவ்வாமையாலும் அவை இறுகும்போது குழாய் குறுகிக் காற்று அடைபடுகிறது. அந்தத் தசையைத் தளர்த்துவதே மூச்சுக்குழாய் விரிப்பு மருந்தின் வேலை. சால்புட்டமால் சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கி நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். ஃபார்மோடெரால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். டியோட்ரோப்பியம் ஒரு நாளைக்கு ஒரு முறை போதும். இறுக்குமாறு தசைக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பின் செய்தியைத் தடுப்பது அதன் வழி.

வரலாறு படித்தவன் என்பதால் இதன் பின்னணி என்னைக் கவர்ந்தது. ஊமத்தையைப் புகையாக இழுத்து மூச்சிறைப்பைத் தணிப்பது நம் நாட்டுப் பழைய முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னையில் இருந்த ஆங்கிலேயர் வழியாகவே அம்முறை பிரிட்டனுக்குச் சென்றது. ஊமத்தையில் உள்ள அட்ரோப்பின் என்னும் பொருளின் வழிவந்தவையே இன்றைய இப்ராட்ரோப்பியமும் டியோட்ரோப்பியமும். ஊமத்தை கொடிய நஞ்சு. அதை எவரும் வீட்டில் பரீட்சித்துப் பார்க்கலாகாது. அதன் நன்மையை மட்டும் பிரித்தெடுத்து, தீமையை இயன்றவரை விலக்கி, மைக்ரோகிராம் அளவில் தருவதற்கு மனித அறிவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இன்ஹேலர் குப்பி பிறந்த கதையும் சுவையானது. 1955இல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவரிடம், ஆஸ்துமா நோயாளியான அவருடைய 13 வயது மகள், ‘தலைமுடிக்குத் தெளிக்கும் திரவம் போல என் மருந்தையும் ஏன் ஒரு குப்பியில் அடைத்துத் தரக்கூடாது?’ என்ற பொருளில் வினவினாளாம். மறு ஆண்டே, 1956இல், அளவாகத் தெளிக்கும் முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. சால்புட்டமால் 1969இல் வந்தது.

‘பழகிவிடும்’ என்று அஞ்சுவோர் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரையின் மருந்து, நாற்பது முறை அழுத்துவதற்குச் சமம்! மாத்திரை உடல் முழுவதும் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலர் மருந்து நேரே போய்ச் சேர்கிறது. போதைப் பொருளைப் போல அடிமையாக்கும் இயல்பும் அதற்கு இல்லை. நோய் நீடிப்பதால்தான் மருந்தும் நீடிக்கிறது.

மூன்று வாரங்கள்

அந்த மூன்று வாரங்களில் காக்கா செய்தவை இவை: முதல் நாளே சிகரெட்டைத் தூக்கி எறிந்தார். டியோட்ரோப்பியமும் ஃபார்மோடெராலும் நாள் தவறாமல் எடுத்தார். காலையும் மாலையும் நடந்தார். மூச்சுப் பயிற்சிக் கருவியின் மூன்று பந்துகளையும் மேலே எழுப்பப் பழகினார்.

புகையை விடுவது பற்றி ஒரு வார்த்தை. 1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் பிடித்த ஒரு நுரையீரலை முழுமையாக ஒரே அறுவையில் அகற்றி வெற்றி கண்டார். அந்த நோயாளி பல்லாண்டு வாழ்ந்தார். புகைப்பழக்கத்திற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் வெளியான ஆய்வில் எடுத்துக் காட்டியவர்களுள் கிரஹாமும் ஒருவர். நெடுங்காலம் புகைத்தவரான அவரே 1957இல் அதே நோயால் மாண்டார். நோயாளிக்குப் பின்னும் வாழ வேண்டிய மருத்துவர் நோயாளிக்கு முன்பே போய்விட்டார். பீடியானாலும் சிகரெட்டானாலும், அறுவைக்கு நான்கு வாரங்களுக்கு முன்பாவது விட்டுவிடுவது நல்லது. நாட்கள் குறைவாக இருந்தாலும், விடுவதால் நன்மையே.

மருந்தை உறிஞ்சும் முறையையும் செவிலியர் செய்து காட்டச் சொன்னார். பலர் குப்பியை அழுத்திவிட்டுத் தொண்டையில் தெளித்துக் கொள்கின்றனர். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, பத்து நொடிகள் அடக்க வேண்டும். ஸ்பேசர் என்னும் கூட்டைப் பொருத்தினால் முதியவர்களுக்கும் எளிது. மருந்தும் கூடுதலாக உள்ளே சேரும். தூள் வடிவ மருந்தையோ வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஒன்றின் முறை மற்றொன்றுக்குப் பொருந்தாது.

மூன்றாம் வார இறுதியில் மீண்டும் ஊதச் சொன்னார்கள். 1.5 லிட்டர் காட்டியது! அதே 16, அதே 19. அறுவைக்குப் பின் எஞ்சுவது நூற்றுக்கு 49 பங்கு என்று கணக்கு மாறியது. படிக்கட்டுகளில் ஏறச் செய்து ஆக்சிஜன் அளவையும் பார்த்தபின், ‘செய்யலாம்’ என்றார் மருத்துவர். எல்லோருக்கும் இந்த அளவு உயர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்குச் சிறிதளவே உயரும். ஆனால் மூச்சடைப்பு நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு, அறுவைக்கு முன் சில வாரங்கள் இம்மருந்துகளைக் கொடுத்ததில் மூச்சளவு உயர்ந்ததை ஜப்பானிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

நோன்பு நாட்களில்

இதற்கிடையே 2023ஆம் ஆண்டின் ரமலான் பிறந்துவிட்டது. சிறு வயது முதல் ஒரு நோன்பையும் விடாத காக்கா, பகலில் இன்ஹேலரைத் தொட மறுத்தார். “மூச்சு நின்றாலும் நோன்போடு நிற்கட்டும் தம்பி” என்றார். மத்ரஸாவில் பணியாற்றுபவன் என்பதால் இந்த ஐயத்தோடு என்னிடம் பலரும் வருவதுண்டு. அவர்களிடம் சொல்வதையே அவரிடமும் சொன்னேன்.

இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் இக்கால அறிஞர்களிடையே இரு கருத்துக்கள் உள்ளன. முறிக்காது என்றவர்களுள் ஷெய்கு இப்னு உஸைமீன் ஒருவர். மருந்துத் துகள் உள்ளே செல்வதால் முறியும் என்று மத்ஹபு வழி நிற்கும் முஃப்திகள் பலர் கூறுகின்றனர். எந்தக் கருத்தை ஏற்றாலும், மருந்தை நிறுத்து என்ற முடிவு மட்டும் எங்கும் கிடைக்காது! முறியாது என்பவர் மருந்தோடு நோன்பு நோற்கலாம். முறியும் என்பவர், நோயாளிக்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகைப்படி, குணமான பின் வேறு நாட்களில் நோற்கலாம். நாள் முழுதும் நிற்கும் மருந்தை மருத்துவரைக் கேட்டு இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே அமைத்துக் கொள்ளவும் முடியும். ஆனால் அறுவை நெருங்கும் வாரங்களில், அவசர மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே மூச்சுத் திணறுவது வணக்கமாகாது. “காக்கா, நீங்கள் நோன்பை விடவில்லை; தள்ளி வைக்கிறீர்கள். தந்தவனே தள்ளி வைக்க அனுமதித்திருக்கிறான்” என்றேன். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, கையை நீட்டிக் குப்பியை வாங்கிக் கொண்டார்.

அறுவை நாளும் அதற்குப் பிறகும்

அறுவை ஏப்ரல் மாதத்தில் நடந்தது. ‘வெறும் வயிற்றோடு வரவேண்டும்’ என்று சொன்னதை, இன்ஹேலரும் கூடாது என்று பலர் பொருள் கொள்கின்றனர். அது தவறு. வழக்கமான உறிஞ்சு மருந்தை அறுவை நாள் காலையிலும் எடுக்கும்படியே மருத்துவர்கள் சொல்வார்கள். நுரையீரல் அறுவையின்போது இரட்டைக் குழாய் ஒன்றைச் செலுத்தி, ஒரு பக்க நுரையீரலை மட்டும் இயங்கச் செய்து, மறு பக்கத்தை ஓய்வாக வைக்கின்றனர். குழாய் உள்ளே நுழையும்போது மூச்சுக்குழாய்கள் திடீரென இறுகிவிடுவதுண்டு. ஒற்றை நுரையீரலால் உயிர் ஓடும் வேளையில் அந்த இறுக்கம் எத்தனை ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இன்ஹேலரைக் கையோடு எடுத்துச் சென்று மயக்க மருந்து நிபுணரிடம் காட்டுங்கள்.

அறுவைக்குப் பின், ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை நெபுலைசர் வழியாக மருந்தை ஆவியாகத் தந்தார்கள். குழாய்கள் திறந்தால் சளி வெளியேற வழி கிடைக்கும். ஆனால் வழியைத் திறப்பது மட்டுமே மருந்தின் வேலை. இருமி வெளியேற்ற வேண்டியவர் நோயாளியே. தையல் வலிக்குப் பயந்து இருமாமல் படுத்திருந்தால் சளி தேங்கி, நிமோனியா வந்துவிடும். வலி தெரியாமலிருக்க முதுகுப் பக்கமாகச் செலுத்திய மருந்தும், மார்போடு தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் செய்த உடற்பயிற்சியாளரும், மறுநாளே பிடித்து நடக்க வைத்த செவிலியரும் நெபுலைசருக்குத் துணையாயினர்.

மூன்றாம் நாள் இரவு காக்காவின் இதயத் துடிப்பு திடீரென ஏறியது. “எல்லாம் அந்தப் புகையால் வந்த வினை! முகமூடியைக் கழற்றச் சொல்” என்று மாமி அழுதார். மருத்துவர் வந்து பார்த்தார். நுரையீரல் அறுவைக்குப் பின் துடிப்பு ஒழுங்கு தவறுவது அரிதன்று. சால்புட்டமாலும் துடிப்பைக் கூட்டவல்லது, கைநடுக்கம் தரும், இரத்தத்தில் பொட்டாசியத்தையும் குறைக்கும். எனவே சால்புட்டமாலைக் குறைத்து, இப்ராட்ரோப்பியத்தைத் தொடர்ந்து, துடிப்புக்கும் மருந்து கொடுத்தார். இரண்டு நாட்களில் சீராயிற்று. கழற்றி எறிவதும் கண்மூடித் தொடர்வதும் அவர் வழியாக இல்லை. அளந்து மாற்றுவதே வழியாக இருந்தது.

காக்கா இப்போது பிற்பகல் வரை கடையில் அமர்கிறார். விடுபட்ட நோன்புகளை அந்தக் குளிர்காலத்தில் நோற்று முடித்தார். இன்ஹேலர் கல்லாப் பெட்டிக்கு அருகில், எல்லோரும் காணும்படி இருக்கிறது.

வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டியவை

இம்மருந்துகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்துபவை அல்ல. இப்ராட்ரோப்பியம், டியோட்ரோப்பியம் ஆகியவை, புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர்களுக்குச் சிறுநீரை அடைக்கக்கூடும். கண்ணில் நீரழுத்த நோய் உள்ளவர்களுக்கு, முகமூடியின் ஆவி கண்ணில் படுவது தீங்கு. இவ்விரண்டும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு விரிப்பு மருந்து மட்டும் போதாது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் தேவைப்படும். பக்கத்து வீட்டுக்காரரின் குப்பியை இரவல் வாங்கி உறிஞ்சுவதும் கூடாது.

உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் ‘நுரையீரல் அறுவையைத் தாங்காது’ என்று சொல்லப்பட்டால், மனமுடைந்து திரும்பிவிடாதீர்கள். ‘இந்த அளவு, மருந்து எடுத்த பின் அளந்ததா?’ என்று பணிவோடு கேளுங்கள். மருந்துக்குப் பின்னும் தாங்காது என்ற விடை வரலாம். அப்போது கதிர்வீச்சு போன்ற வேறு வழிகளை மருத்துவர் சொல்வார். ஆனால் அலமாரியில் ஒளித்து வைத்த ஒரு குப்பியின் காரணமாக, கிடைக்க வேண்டிய சிகிச்சை ஒருவருக்குக் கிடைக்காமல் போய்விடக் கூடாது. இன்றே அலமாரியைத் திறந்து, அந்தக் குப்பியைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள்!